டேங்கர் கவிழ்ந்தால் முதலில் எண்ணைப் பாருங்கள்

சாலையில் ரசாயன டேங்கர் லாரி கவிழ்ந்து கிடக்கிறதா? கிட்டே ஓடாதீர்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி, மேடான இடத்தில் நின்றுகொண்டு, செல்போன் கேமராவில் ஜூம் செய்து அபாயத் தகவல் பலகையில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 1230 என்றால் மெத்தனால், அதாவது ஒரு வகை மதுசாரம் (ஆல்கஹால்). பெட்ரோலுக்கு 1203. அவசரத்தில் ரெண்டும் ஒன்றுபோலவே தெரியும், நிதானமாகப் பார்த்துவிட்டு 112-க்குச் சொல்லுங்கள். மெத்தனால் தீக்கு மதுசாரத்தைத் தாங்கும் நுரை வேண்டும், சாதாரண நுரை கரைந்துபோகும். அதனால் அந்த எண் தீயணைப்பு வீரர்களுக்கு ரொம்ப முக்கியம்.

மெத்தனாலின் சங்கடமே அதன் தீதான். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, புகையும் அவ்வளவாக வராது. கானல்போல் காற்று அலையடித்தால் எரிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவு மட்டும் என்றால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். டேங்கரைத் தீ சூழ்ந்துவிட்டால் 800 மீட்டர். உடம்பில் பட்டிருந்தால் துணியைக் கழற்றிவிட்டு, கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம், நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பார்வையைப் பறிக்கும் விஷம் அது, பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.