வழுக்குத் தடுப்பு நாடா: படியில் ஒட்டுவதற்கு முன்பே நேரும் தவறுகள்

சென்ற மாரியில், கிளிநொச்சியில் உள்ள பெரியப்பா வீட்டு வாசற்படியில் ஒட்டியிருந்த கறுப்பு நாடாவின் ஒரு மூலை பொரித்த அப்பளம்போலச் சுருண்டு மேலெழுந்து நின்றது. பெரியப்பா ஊன்றுகோலுடன் நடப்பவர். கோலின் இறப்பர் முனை அந்த மூலையில் தடக்கியதைக் கண்ட பின்னர்தான் நாடாவை முழுவதுமாக உரித்துப் பார்த்தேன். பசை பழுதாகியிருக்கவில்லை, மாவில் புரட்டி எடுத்ததுபோல அதன்மீது சீமெந்துத் தூளும் செம்மண்ணும் அப்பிக் கிடந்தன. அந்த நாடா படியைப் பற்றவே இல்லை, படியின் மேலிருந்த தூசியைத்தான் பற்றியிருந்தது.

நாடா இல்லாத படியைவிட விளிம்பு கிளம்பிய நாடா ஒட்டிய படி ஆபத்தானது. நாடாவை நம்பிக் கால் வைப்பவர், அதிலேயே தடக்கி விழுகிறார். போரில் கால் இழந்து செயற்கைக் காலுடனும் ஊன்றுகோலுடனும் நடப்போர் இத்தனை பேர் வாழும் வன்னியில், இதைச் சிறிய வேலை என்று எண்ணி அவசரமாகச் செய்வது சரியன்று.

கடையில் ‘அன்ரி ஸ்லிப் ரேப்’ என்று கேட்டால் தருகின்ற பொருள் எவ்வாறு செய்யப்படுகிறது என்று தெரிந்தால், பாதித் தவறுகள் தாமாகவே விலகிவிடும். பொலியெஸ்டர் அல்லது பீவீசீ தாளின் மேற்புறத்தில் பிசின் பூசி, அது இறுகுவதற்கு முன் அலுமினியம் ஒட்சைட்டு அல்லது சிலிக்கன் காபைட்டு மணிகளைத் தூவி, அவை உதிராதிருக்க இன்னொரு பிசின் பூச்சைக் கொடுத்துச் சூடான அறையினூடாகச் செலுத்தி இறுக்குகிறார்கள். அடிப்புறத்தில் அக்ரிலிக் அல்லது இறப்பர் சார்ந்த பசையைப் பூசிச் சிலிக்கோன் தடவிய தாளால் மூடியபின், அகன்ற சுருளை 25 அல்லது 50 மில்லிமீற்றர் போன்ற அகலங்களில் கீறி விற்பனைக்கு அனுப்புகிறார்கள். மேற்புறம் தச்சரின் அரத்தாளை ஒத்தது. அரத்தாளைப் போலவே இதிலும் மணியின் எண் கூடக்கூட மணி நுண்ணியதாகும். எண் பெரிதாக இருந்தால் சொரசொரப்பும் அதிகம் என்று நினைத்து வாங்குவது பலரும் செய்யும் பிழை. வாங்கும்போது நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். மணி உதிர்ந்தால் வேண்டாம். சுருளின் பக்கவாட்டில் பசை கசிந்து தூசி படிந்திருந்தால், அது வெக்கையில் நெடுநாள் கிடந்த சுருளாக இருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இந்தப் பசையைச் சாதாரணப் பசையாக எண்ணுவதாகும். இது காய்ந்து இறுகும் பசையன்று. அழுத்தும்போது மெல்லப் பரவி, தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிப்பது. ஆகவே இடையில் தூசி, ஈரம், எண்ணெய் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது இறங்க வழியில்லை. கையால் தடவிவிட்டு எழுந்துவிடுவதும் போதாது. நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி இறப்பர் உருளையால் பலமாக உருட்ட வேண்டும். உருளை கிடைக்காவிட்டால் இறப்பர்ச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்ட வேண்டும். பிடிப்பு நேரத்துடன் கூடுவதால், ஒரு நாளாவது தண்ணீர் படாமல் விடுவது நல்லது.

வீட்டுத்திட்ட வீடுகளின் சீமெந்துப் படிகளில் பெரும்பாலும் ஈரமே நாடாவைத் தோற்கடிக்கிறது. புதிதாகப் பூசிய சீமெந்து 28 நாட்களாவது முதிர வேண்டும். பழைய படியாயினும், மழைக்குப் பின் மேற்பரப்பு உலர்ந்து வெளுத்துத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். ஒரு முழச் சதுரப் பொலித்தீன் துண்டைப் படியில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டி, மாலையில் இருந்து மறுநாட் காலை வரை, 16 மணி நேரமாவது விட்டுவிடுங்கள். உட்புறத்தில் துளிகள் அரும்பியிருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ, ஒட்டும் நாள் இன்னும் வரவில்லை. உலர்ந்த பின்னரும் கம்பித் தூரிகையால் தேய்த்து, தூளைக் கூட்டி அகற்றி, நாடாவுடன் விற்கப்படும் அடிப்பூச்சைப் பூச வேண்டும். சீமெந்து நுண்துளைகள் நிறைந்ததாகையால், அடிப்பூச்சின்றி ஒட்டிய நாடா அடுத்த மாரியைத் தாண்டுவது அரிது.

தரை ஓடுகள் (ரைல்ஸ்) பதித்த வீடுகளில் சிக்கல் வேறு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் படிகின்ற அதே வெண்படிவு குளியலறைத் தரையிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். அதன்மேல் ஒட்டினால், நாடா படிவுடன் சேர்ந்து பெயர்ந்து வரும். வினாகிரியால் தேய்த்து, நன்றாகக் கழுவி, முற்றாக உலரவிட வேண்டும். மண்ணெண்ணெயால் துடைப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அது அழுக்கை எடுத்துவிட்டுத் தன் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்கிறது. சவர்க்காரமும் அலசப்படாமல் எஞ்சினால் அதே கெடுதலைச் செய்யும். கடைசித் துடைப்புக்கு ஐசோபுரொப்பைல் அற்ககோல் ஏற்றது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை எடுப்பதானால், அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கிறதா என்று போத்தலின் சிட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறுங்காலுடன் நடக்கும் இடத்தில் மணி தூவிய நாடாவை ஒட்டுவது, வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துச் செய்யப்படும் தவறு. அங்கே சப்பாத்துடன் படியேறுகிறார்கள். நாம் செருப்பை வாசலில் கழற்றுகிறோம். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்த ஒருவருக்கு இந்த மணிகள் ஏற்படுத்தும் சிராய்ப்பு தெரியாமலே புண்ணாகிவிடும். குளியலறைக்கும் வீட்டின் உட்படிக்கும், மணியில்லாமல் புடைப்புக் கோலம் அழுத்திய மென்மையான வகையைக் கேட்டு வாங்குங்கள். கோயில்களிலும் அதுவே ஏற்றது. அங்கப்பிரதட்டை செய்யும் வீதியிலோ எந்த வகையும் வேண்டாம்.

மறுபுறம், உழவு இயந்திரத்தின் மிதிபடிக்கு நுண்மணி உதவாது. வயற்சேறு அதை ஒரே நாளில் நிரப்பிவிடும். அங்கே பருமணியும், புடைப்பான இரும்புத் தகட்டுடன் படிந்து வளைகின்ற அலுமினியத் தாள் வகையும் வேண்டும். அரிசி ஆலைகளில் தவிடு மணிகளிடையே அடைத்துக்கொள்வதால், வாரம் ஒருமுறையாவது தூரிகையால் தேய்க்காவிட்டால் நாடா வழுக்கத் தொடங்கும். முல்லைத்தீவுப் படகுகளில் ஒட்டுவோர், ஓரங்கள் முழுவதையும் விளிம்படைக்கும் பசையால் மூடத் தவறக்கூடாது.

விசுவமடுவில் ஒரு தோட்டத்தில், மண்வெட்டிப் பிடி வழுக்குகிறதென்று இதே கறுப்பு நாடாவைச் சுற்றியிருந்தார்கள். பாதி வரம்பு வெட்டுவதற்குள் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. காலுக்கான நாடா வேறு, கைக்கான நாடா வேறு. பிடிகளுக்கு, துடுப்பு மட்டைக்கும் சைக்கிள் கைபிடிக்கும் உரிய இறப்பர் உறையோ துணி நாடாவோ போதுமானது.

எங்கே ஒட்டுவது என்பதிலும் பிழை நேர்கிறது. படியின் நடுவில் ஒட்டினால் பயன் குறைவு. இறங்கும்போது பாதத்தின் முன்பகுதி ஊன்றுவது விளிம்பையொட்டித்தான். விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் அளவு உள்ளே தள்ளி, படியின் அகலம் முழுவதற்கும் ஒட்டுங்கள். விளிம்புக்கு மேலாக மடித்துவிடாதீர்கள். சக்கர நாற்காலிச் சாய்தளத்தில் கீற்றுகளைக் குறுக்காக, ஒரு பாதம் முழுவதும் இரண்டுக்கும் இடையில் விழாத இடைவெளியில் ஒட்ட வேண்டும். தரையோடுகளின் இடைக்கோட்டைத் தாண்டி நாடாவை இழுத்தால் அந்தப் பள்ளத்தினூடாகத் தண்ணீர் அடியில் நுழையும். கோட்டுக்கு இருபுறமும் வெட்டி நிறுத்துங்கள். வெட்டும்போது மணிப்பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தால் அது மழுங்கிப்போகும். பின்தாளின் பக்கம் பிளேட்டால் கீறி, நான்கு மூலைகளையும் ஐந்து சத நாணயத்தை வைத்து வரைந்ததுபோல வளைத்து நறுக்குங்கள். சுருள்வது எப்போதும் கூர்மூலையில்தான் தொடங்குகிறது.

பெரியப்பாவின் படியில் பழைய நாடாவின் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். அப்படிச் செய்திருந்தால் அடியில் கிடந்த தூளே இரண்டையும் சேர்த்துக் கிளப்பியிருக்கும். எஞ்சிய பசையைச் சுரண்டி, பொலித்தீன் சோதனையில் இருமுறை துளி கண்டதால் தைப்பொங்கல் கழியும்வரை காத்திருந்து, வெயில் ஏறிய ஒரு முற்பகலில் அடிப்பூச்சு உலர்ந்த பின் ஒட்டினோம். அதுவரை அந்தப் படி நாடா இல்லாமலே கிடந்தது. பெரியப்பா பின்வாசலால் போய் வந்தார்.