கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகளும் ஏரிகளும்: குமரி மாவட்டத்திலிருந்து முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

மலேசியாவுக்குச் சுற்றுலா செல்லும் நம் மாவட்டத்தாரில் பெரும்பாலோர் பத்துமலை முருகனை வணங்கி, கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த முருகன் சிலைக்குப் பின்னால் எழுந்து நிற்பது சுண்ணாம்புக்கல் மலை. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரைச் சுற்றியுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கில், அதே வகைக் கல்லாலான மலைகள் செங்குத்தாகவும் தனித்தனியாகவும் ஏரிகளுக்கு நடுவே நிற்கின்றன. சுண்ணாம்புக்கல்லை நீர் கரைத்து உருவாக்கும் இத்தகைய நிலத்தோற்றத்தைப் புவியியலில் கார்ஸ்ட் என்கிறார்கள். இதைக் காணச் செல்கிறவர் மலையின் உயரத்தையோ குகையின் அகலத்தையோ அளந்துகொண்டிராமல், ஒவ்வோர் இடத்திலும் நீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தேடினால், பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் பொருள் கிடைக்கும். கீழே உள்ள படிகளை அந்த நோக்கத்தோடுதான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதற்படி: ஊரிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்

பயணத்திற்கு முன் ஒரு காலைப்பொழுதைச் சிதறால் மலைக்கு ஒதுக்குங்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்களுக்காகவே அங்கு பலரும் செல்கிறோம். இம்முறை பாறையையும் பாருங்கள். மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கடும்பாறைகளே நம் மாவட்டத்து மலைகள். மழைநீர் அவற்றைக் கரைப்பதில்லை. மேலே வழிந்தோடும், அல்லது பள்ளங்களில் சுனையாகத் தேங்கும். திற்பரப்பில் கோதையாறு பரந்த பாறைத்தளத்தின் மேல் ஓடி விழுவதும் இதனால்தான். சுண்ணாம்புக்கல் மலையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே மேலே விழும் மழை வெடிப்புகளின் வழியே உள்ளே இறங்கி, கல்லைக் கரைத்துக்கொண்டே சென்று, அடிவாரத்தில் எங்கேனும் வெளிப்படும். இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் பாதிப் பயணம் முடிந்ததாகவே கொள்ளலாம்.

அடுத்ததாக, கடற்கரையில் பொறுக்கிய ஒரு சிப்பியைக் கண்ணாடிக் குவளையில் இட்டு, அது மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றிப் பாருங்கள். சிறிது நேரத்தில் சிப்பியின் மேல் குமிழிகள் எழும். சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட்தான். அமிலம் பட்டதும் கரைந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகின்றன. மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடை ஏற்று மிக மெல்லிய அமிலமாகிறது. வினிகர் உங்கள் கண்முன்னே செய்யும் வேலையை அந்த நீர் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகச் செய்து குகைகளைக் குடைந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு இதன் மறுபக்கம்: கரைந்திருந்த சுண்ணாம்பு, கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் மீண்டும் கல்லாகிறது. குழந்தைகளுடன் செல்கிறவர்கள் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். குகைக்குள் அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளின் தரமே மாறிவிடும்.

இரண்டாம் படி: ஆவணங்களும் வழியும்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் செல்லலாம் என்ற சலுகை நடைமுறைக்கு வந்தது. அது காலக்கெடுவுடன் நீட்டிக்கப்படும் சலுகை என்பதால், விமானச்சீட்டு வாங்கும் முன் அன்றைய நிலையை அரசுத் தளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அத்துடன் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை, அங்கு இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து நமக்கு அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையம் திருவனந்தபுரம். கோலாலம்பூரில் இறங்கியதும் விமான நிலைய விரைவு ரயிலில் கே.எல். சென்ட்ரல் நிலையத்தை அரை மணி நேரத்தில் அடையலாம். அங்கிருந்து இடிஎஸ் மின்ரயில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஈப்போவில் சேர்க்கும். வார இறுதியிலும் விடுமுறைக் காலத்திலும் இந்த ரயிலில் இடம் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் முன்பதிவு அவசியம். ஈப்போவை நெருங்கும்போது சன்னலோர இருக்கை கிடைத்தால், சமவெளியிலிருந்து திடீரென எழும் முதல் சாம்பல்நிறச் சுவர்களை அங்கிருந்தே காணலாம். நகருக்குள் கிராப் என்ற வாடகைக் கார் செயலி வழியாகக் கார் எடுத்துக்கொள்வது எளிது. மலைகள் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் இடைவெளியில் சிதறியிருப்பதால் நடந்தே சுற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாம் படி: நேரமும் காலணியும்

ஈப்போவில் ஆண்டு முழுதும் மழை உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கூடுதலாகப் பெய்யும். பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் வரும் மழை என்பதால், எல்லா இடங்களையும் காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் பார்த்து முடிக்கும்படி திட்டமிடுங்கள். மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. முதல் நாள் காலையில் உடல் ஒத்துழைக்காமல் போகலாம் என்பதால் அன்று ஓர் இடம் போதும்.

ஈரமான சுண்ணாம்புக்கல் கடுமையாக வழுக்கும். அடிப்பிடிப்புள்ள ஷூ வேண்டும். ரப்பர் செருப்பு கூடாது. குகைக் கோயில்களில் கழற்றி மாட்ட வசதியாக இருப்பது நல்லது. தலையில் கட்டும் டார்ச், தண்ணீர், மெல்லிய மழைக்கோட்டு ஆகியவற்றுக்கு மேல் சுமக்கத் தேவையில்லை.

நான்காம் படி: மலையை வெளியிலிருந்து படியுங்கள்

முதலில் குனோங் லாங் பூங்காவுக்குச் செல்லுங்கள். நகரின் வடபகுதியில், ஏரியைப் படகில் கடந்து மறுகரையிலுள்ள மரப்பாலப் பாதையில் நடக்கும்படி அமைந்த இடம் அது. படகிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். மலைமுகத்தில் சாம்பல் நிறம் நெடுநாள் வெயிலும் மழையும் பட்ட பகுதி. வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிவது அண்மையில் கல் பெயர்ந்து விழுந்த பகுதி. துருநிறக் கறை நீரோடு வந்த இரும்பின் அடையாளம். நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு படிந்து ஆலம்விழுதுபோலத் தொங்கும் கல் விழுதுகளை, விளிம்புகளில் கூரையின்றித் திறந்தவெளியிலேயே காண்பீர்கள்.

பிறகு அடிவாரத்தைக் கவனியுங்கள். பல மலைகளின் அடியில், தரைமட்டத்தை ஒட்டி, உட்புறமாகக் குடைந்த நீண்ட பள்ளம் ஓடும். தேங்கிய நீரும் ஈரமண்ணும் கல்லின் அடியை அரித்த தடம் அது. இப்படி அடி குடையப்படுவதால் மேலே உள்ள பாறை தாங்கலின்றிப் பிளந்து விழுகிறது. அதனாலேயே இம்மலைகள் சரிவாகத் தேயாமல் செங்குத்தாகவே நிற்கின்றன. இந்தப் பூங்காவில் மலைமேலிருந்து விழும் அருவி மனிதர் அமைத்தது. மேலே விழும் மழையை உள்ளே இழுத்துக்கொள்ளும் சுண்ணாம்புக்கல் உச்சியிலிருந்து இத்தகைய அருவி தானாக விழுவது அரிது என்பதை, சிதறாலில் கண்ணைப் பழக்கியவர் உடனே உணர்ந்துகொள்வார்.

ஐந்தாம் படி: குகைக்குள் செல்லுங்கள், எதையும் தொடாதீர்கள்

தொடக்கநிலையினருக்கு மிகவும் ஏற்ற குகை, குனோங் ராப்பாட் மலையிலுள்ள கெக் லோக் தோங் என்பது என் கருத்து. அது பௌத்தக் கோயிலாகவும் விளங்குவதால் தளம் சமமாக இருக்கிறது, வெளிச்சமும் உண்டு. முதியவர்களையும் அழைத்துச் செல்லலாம். வழிபாட்டு இடம் என்பதால் குரலைத் தாழ்த்தி, பீடங்களை மறிக்காமல் நடக்க வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் படம் எடுக்கத் தொடங்காமல், ஓரமாக நின்று கண் இருளுக்குப் பழகும் வரை காத்திருங்கள். பிறகு கூரையில் தொங்கும் கல் விழுதுகளுள் ஏதேனும் ஒன்றன் நுனியைப் பாருங்கள். அங்கே நீர்த்துளி நின்றால் அந்த விழுது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நுனி வறண்டு மங்கியிருந்தால், அதற்கு நீர் வந்த வழி அடைபட்டுவிட்டது அல்லது வேறு பக்கம் திரும்பிவிட்டது. துளி விழும் இடத்தில் தரையிலிருந்து கல் முளை எழும்; இரண்டும் சந்தித்தால் தூண். நீர் துளியாக விழாமல் சாய்ந்த கூரையின் வழியே வழிந்திருந்தால் மடிப்புகளுடன் கூடிய கல் திரை உருவாகியிருக்கும். சுவரில் கிண்ணம்போன்ற சிறு குழிகள் அடுத்தடுத்து இருந்தால், ஒருகாலத்தில் அவ்வழியே ஓடிய நீரின் வேலையாக இருக்கக்கூடும்.

கல் விழுது பொதுவாக ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வளரும். விரல் நீளத்துக்கு ஒரு துண்டை உடைப்பவர் பல நூறு ஆண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் அழிக்கிறார். தொடுவதுகூடத் தீங்குதான், கையின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் புதிய சுண்ணாம்பு ஒட்டாமல் போகிறது. விளக்குகளுக்கு அருகே பாறை பச்சையாக இருந்தால், வெளிச்சத்தால் வளர்ந்த பாசி அது. டார்ச்சையும் தேவைக்கு மேல் அடிக்க வேண்டாம். குகையின் பின்வாயில் வழியே வெளியேறினால் குளங்களும் நடைபாதையும் கொண்ட தோட்டம் இருக்கிறது. நான்கு புறமும் மலைச்சுவர் சூழ அங்கே அமர்ந்து, உள்ளே கண்டதைக் குறிப்பேட்டில் கோட்டோவியமாக வரைந்துகொள்வது, புகைப்படத்தைவிட நினைவில் நிற்கும்.

ஆறாம் படி: ஏரியின் வரலாற்றை அறிந்து கரையில் நில்லுங்கள்

குனோங் ராப்பாட் பகுதியிலேயே தாசிக் செர்மின் என்ற ஏரி இருக்கிறது. சிறு குகைவழியைக் கடந்தால் செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே பச்சை நீர் அசைவற்று நிற்கும். காற்று எழுவதற்கு முன், காலையிலேயே சென்றால் மலையின் பிம்பம் நீரில் முழுமையாகத் தெரியும்.

ஆனால் இப்பள்ளத்தாக்கில் நீங்கள் வழியெங்கும் காணும் நீர்நிலைகளில் பல, வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குழிகள். இருபுறத்துக் கருங்கல் மலைத்தொடர்களிலிருந்து நீர் அடித்துவந்த வெள்ளீயத் தாது, கனமானது என்பதால், அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் பள்ளங்களில் தங்கிச் சேர்ந்தது. உலகின் பெரும் வெள்ளீய வயல்களுள் ஒன்றாக இருந்த கிந்தாவில் அதைத் தோண்டியெடுத்தார்கள். 1985இல் வெள்ளீய விலை சரிந்ததும் சுரங்கங்கள் மூடப்பட்டன; குழிகளில் நீர் நிறைந்தது. நீர் கல்லில் குடைந்த பள்ளமே தாதுவைச் சேர்த்தது என்பதையும், அந்தத் தாதுவைத் தேடியே இத்தனை மனிதர் இங்கு வந்தனர் என்பதையும் நினைத்துப் பார்த்தால், ஏரியும் மலையும் நகரமும் ஒரே கதையின் பகுதிகள் என்பது விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேரூர்க் குளத்திலும் ஊர்க் குளங்களிலும் படித்துறையில் இறங்கிப் பழகிய நாம், நீரைக் கண்டதும் கால் நனைக்க நினைப்போம். சுரங்கக் குழிக்குப் படிப்படியான கரை கிடையாது. ஓரிரு அடிகளிலேயே ஆழம் தொடங்கும், அடியில் களிச்சேறு இருக்கும். எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம்.

ஏழாம் படி: கல்லுமலையில் மலையின் இன்னொரு முகத்தைப் பாருங்கள்

குனோங் சேரோ மலையடியிலுள்ள சுப்பிரமணியர் கோயிலை அங்குள்ள தமிழர் கல்லுமலைக் கோயில் என்கிறார்கள். ஈப்போவின் தைப்பூசம் இங்கே நிறைவடைகிறது. வழிபாட்டுக்குப் பின் மலைமுகத்தைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். 1973இல் இதே மலையிலிருந்து பெரும்பாறை பெயர்ந்து குடியிருப்பின் மேல் விழுந்ததில் சுமார் 40 பேர் இறந்தனர். நான்காம் படியில் நாம் கண்ட அடிக்குடைவும் வெடிப்பும் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டாம். கனமழைக்கு மறுநாள் எந்தச் சுண்ணாம்புக்கல் மலையின் துருத்திய பாறைக்கு அடியிலும் நிற்கவோ வண்டி நிறுத்தவோ கூடாது.

நகரின் தெற்கே செல்லும்போது, சிமெண்டுக்கும் சலவைக்கல்லுக்கும் பாதி வெட்டப்பட்ட மலைகளைக் காண்பீர்கள். மலை உடைப்பின் வலியை அறிந்த நம் மாவட்டத்தாருக்கு அது எளிதில் கடந்துபோகும் காட்சியல்ல. ஒரே மலையில் மட்டும் வாழும் நத்தைகளும் செடிகளும் இத்தகைய மலைகளில் உண்டு. பகாங் மாநிலத்தின் புக்கிட் பாஞ்சிங் மலை கல் வெட்டி அழிக்கப்பட்டபோது, அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு நத்தை இனம் உலகிலிருந்தே மறைந்தது.

எட்டாம் படி: உடல் இடம்கொடுத்தால் குவா தெம்புரோங், திரும்பும் வழியில் பத்துமலை

கோப்பெங் அருகிலுள்ள குவா தெம்புரோங், தீபகற்ப மலேசியாவின் மிக நீண்ட குகைகளுள் ஒன்று. உள்ளே ஆறு ஓடுகிறது. படிக்கட்டுகளில் ஏறி இறங்கும் நனையாத சுற்றும், ஆற்றில் தவழ்ந்து செல்லும் சுற்றும் உண்டு. முதன்முறை செல்வோர் முன்னதையே தேர்ந்தெடுங்கள். மழை நாளில் குகை ஆறு விரைவில் ஏறும் என்பதால், வழிகாட்டி மறுத்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். கிளம்பும் முன் குகை திறந்திருக்கிறதா என்பதையும் கேட்டறியுங்கள்.

பத்துமலையைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையை வணங்கி, 272 படிகளை ஏறியதும், சன்னிதிக்குச் செல்லும் முன் அண்ணாந்து பாருங்கள். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையான அந்தக் கல்லின் கூரையில் வெளிச்சம் விழும் திறப்பு, உட்கூரை இடிந்து உண்டானது. விழுதுகளில் எவை ஈரமானவை, எவை வறண்டவை என்பதை இப்போது நீங்களே மற்றவர்களுக்குக் காட்டலாம். குரங்குகள் பையைப் பறிக்கும் என்பதால் உணவுப் பொருளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும். குகையைப் பார்க்கவென்று செல்வோர் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். கோயிலை ஒட்டியே புறநகர் ரயில் நிலையம் இருப்பதால், அங்கிருந்து கே.எல். சென்ட்ரல் சென்று விமான நிலைய ரயிலைப் பிடிக்க வசதியாக இருக்கும். மாலை நேர விமானமாக இருந்தால் காலை ஏழு மணிக்கே படியேறத் தொடங்குங்கள்.