போட்டிக் காலமும் கஞ்சாவும்: திருகோணமலை மெய்வல்லுநர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் ஒரு வழிகாட்டி

மக்கெய்சர் மைதானத்தில் மாலைப் பயிற்சி முடிந்து பொடியன்கள் சப்பாத்தைக் கழற்றும் நேரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "போட்டியண்டைக்கு இழுக்காட்டிச் சரிதானே, வாடாவே அப்பிடித்தான் சொல்லியிருக்கு." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தான பேச்சாகிறது. வாடா என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் தனது தடைப் பட்டியலில், கஞ்சாவையும் அதன் சேர்மங்களையும் போட்டிக் காலத்தில் மட்டுமே தடைசெய்திருக்கிறது. ஆனால் ஆய்வுகூடம் எந்த நாளில் இழுத்தீர்கள் என்று பார்ப்பதில்லை. போட்டியன்று எடுத்த சிறுநீரில் என்ன இருக்கிறது என்பதையே பார்க்கிறது. அதோடு, விளையாட்டு விதியில் உள்ள இந்தச் சலுகைக்கும் நாட்டின் சட்டத்துக்கும் தொடர்பில்லை. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டத்தின்படி கஞ்சா வைத்திருப்பது இலங்கையில் எந்த நாளிலும் குற்றமே.

முதலில் கடிகாரத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பங்குபற்றும் போட்டிக்கு முந்திய நாள் இரவு 11.59 மணிக்குப் போட்டிக் காலம் தொடங்கி, போட்டியும் அதனுடன் சேர்ந்த மாதிரி எடுக்கும் வேலையும் முடியும் வரை நீடிக்கிறது. சனிக்கிழமை காலை ஓட வேண்டியவருக்கு வெள்ளி நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னரே விதி உயிர் பெற்றுவிடுகிறது. கொழும்புக்குப் புறப்படும் இரவு பஸ்ஸில் கூட்டாளி நீட்டுவதை வாங்குபவர், தன்னை அறியாமலே போட்டிக் காலத்துக்குள் நுழைந்திருக்கக்கூடும்.

அடுத்ததாக ஓர் எண்ணை நினைவில் வையுங்கள்: ஒரு மில்லிலீற்றர் சிறுநீரில் 150 நனோகிராம். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற சேர்மத்தை உடல் சிதைக்கும்போது உண்டாகும் கழிவுப்பொருளுக்கு வைத்துள்ள வரம்பே இது, அதைத் தாண்டினால்தான் மீறல். 2013 வரை இந்த வரம்பு வெறும் 15 ஆக இருந்தது. வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அறிய 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கைப் பார்க்கலாம். பனிச்சறுக்குப் பலகைப் போட்டியில் தங்கம் வென்ற கனடியரான ரொஸ் ரெபக்லியாட்டியின் மாதிரியில் 17.8 நனோகிராம் காணப்பட்டதால் அவரது பதக்கம் பறிக்கப்பட்டது. மற்றவர்கள் விட்ட புகையைச் சுவாசித்ததாக அவர் சொன்னார். ஆனால் பதக்கம் திரும்பிக் கிடைத்தது அந்த விளக்கத்தால் அல்ல. கஞ்சாவைத் தடைசெய்யும் தெளிவான உடன்பாடு ஒலிம்பிக் குழுவுக்கும் பனிச்சறுக்குச் சம்மேளனத்துக்கும் இடையில் அப்போது இருக்கவில்லை என்று விளையாட்டு நடுவர் மன்றம் கண்டதே காரணம். இன்றைய வரம்பின் கீழ் அந்த 17.8 ஒரு பேச்சுக்கே இடமளித்திராது.

ஆனால் வரம்பு உயர்ந்ததைக் கேட்டு நிம்மதி கொள்ள வேண்டாம். டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, உடற்கொழுப்பில் தங்கி மெதுவாகவே வெளியேறும். எப்போதாவது ஒருமுறை இழுத்தவருக்குச் சில நாட்களில் குறைந்துவிடக்கூடும். தினமும் இழுப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்காகத் தடயம் இருக்கும். இத்தனை நாள் விட்டால் போதும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். தண்ணீரை மடமடவென்று குடித்துக் கழுவிவிடலாம் என்பதும் பலிக்காது, ஏனெனில் செறிவு குறைந்த மாதிரி கிடைத்தால் அதிகாரி இன்னொரு மாதிரி கேட்டு உங்களை உட்கார வைத்துவிடுவார். ஆகவே பருவகாலம் முழுவதும் தொடாமலிருப்பதைத் தவிர வேறு பாதுகாப்பான கணக்கு இல்லை.

இனி, தெரியாமல் வாய்க்குள் போவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் ஊரில் இதற்கு வாய்ப்பு அதிகம். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் வெளிநாட்டுப் பயணிகளோடு பழகும் இளைஞர்கள், யாரோ தரும் கேக்கையோ பிஸ்கற்றையோ உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தின்னக்கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட அமெரிக்க ஜூடோ வீரர் நிக் டெல்போபோலோ, கஞ்சா சேர்த்துச் சுட்ட உணவை அறியாமல் உண்டதாகவே விளக்கமளித்தார், வெளியேற்றம் மாறவில்லை. உடலுக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு என்பது இந்த விதிகளின் அடித்தளம். பாக்கும் புகையிலையும் கலந்து மாவா என்று பொட்டலத்தில் விற்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்பது பல வேளைகளில் விற்பவருக்கே தெரியாது.

நாட்டு மருந்திலும் கவனம் வேண்டும். திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. பரியாரியாரிடம் போகும் வழக்கமும் நம்மிடம் அழியவில்லை. அந்த மருத்துவத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல, நானும் சுளுக்குக்கு எண்ணெய் போட்டு வளர்ந்தவன்தான். ஆனால் மதன மோதகம், காமேஸ்வர மோதகம் போன்றவற்றின் பழைய செய்முறைகளில் கஞ்சா இலை சேர்வதுண்டு. பசிக்கும் உறக்கத்துக்கும் உடல் வலுவுக்கும் என்று தரப்படும் லேகியத்தை வாங்குமுன், "நான் போட்டிக்கு ஓடுறனான் ஐயா, இதுக்குள்ள கஞ்சா சேருதோ?" என்று நேராகக் கேளுங்கள். பெயரும் சேர்மானமும் எழுதப்படாத டப்பாவைப் பருவகாலம் முழுவதும் திறக்கவே வேண்டாம். கஞ்சாவிலுள்ள சி.பி.டி. என்ற சேர்மத்தை வாடா 2018இல் பட்டியலிலிருந்து விலக்கியது உண்மைதான், ஆனால் சி.பி.டி. என்று விற்கப்படும் எண்ணெய்களில் டி.எச்.சி. கலந்திருக்கக்கூடும், கஞ்சாவின் மற்றைய சேர்மங்களுக்கோ விலக்கு இல்லை. வைத்தியர் எழுதிய மருந்தில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், சிகிச்சைக்கான விதிவிலக்கை ஸ்லாடா எனப்படும் இலங்கையின் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

வெளிநாட்டில் சட்டபூர்வமானது என்பதும், அங்குள்ள பெரிய வீரர்களே இழுக்கிறார்கள் என்பதும் அடுத்த வாதம். 2021 ஜூனில் ஓரிகன் மாநிலத்தில் நடந்த அமெரிக்கத் தெரிவுப் போட்டியில் 100 மீற்றரை 10.86 செக்கனில் ஓடி வென்ற ஷகாரி ரிச்சர்ட்சன், தாயின் மரணச் செய்தி கேட்ட துயரில் கஞ்சா பயன்படுத்தியதாகச் சொன்னார். அந்த மாநிலத்தில் அது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆயினும் வெற்றி நீக்கப்பட்டது, ஒரு மாதத் தடை விழுந்தது, டோக்கியோ கைநழுவியது. அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ. 2023இல் கஞ்சாச் சோதனையைக் கைவிட்டது அதன் சொந்த ஒப்பந்தம். ஒலிம்பிக், ஆசிய, தெற்காசியப் போட்டிகளுக்கு வாடாவின் விதியே செல்லும். ரிச்சர்ட்சன் விவகாரத்துக்குப் பின் வாடா கஞ்சாவை மீளாய்வு செய்து, விளையாட்டின் ஆன்மாவுக்கு முரணானது என்பதையும் காரணமாகக் காட்டி, 2022இல் பட்டியலிலேயே வைத்துக்கொண்டது. ஆன்மா என்ற அளவுகோல் எனக்கு அவ்வளவு திருப்தி தருவதில்லை. ஆனால் அந்த வாதத்தை வைக்க வேண்டிய இடம் ஓட்டப்பாதை அல்ல.

சோதனைக்கு அழைக்கப்பட்டால் மறுக்காதீர்கள். மறுப்பு தனிக் குற்றம், அதற்கு நான்கு ஆண்டு வரை தடை உண்டு. உங்களோடு ஒருவரை அழைத்துச் செல்ல உரிமை இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட மாணவரோடு பயிற்றுநரோ பெற்றோரோ கட்டாயம் போங்கள். அதிகாரி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேசினால் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரைக் கேளுங்கள். புரியாத படிவத்தில் வெட்கத்துக்காகக் கையெழுத்திட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். கிண்ணத்தையும் போத்தல் பெட்டியையும் நீங்களே தெரிவுசெய்து, முத்திரையும் இலக்கமும் சரியா என்று பாருங்கள். குறைந்தது 90 மில்லிலீற்றர் சிறுநீர் தேவை. அது ஏ, பி என்று இரு போத்தல்களில் பிரிக்கப்படும். கடந்த ஏழு நாட்களில் உட்கொண்ட மருந்து, லேகியம், சத்துமா எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி, உங்களுக்கான பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

கஞ்சா இருப்பதாக அறிவித்தல் வந்தால், முதலில் அதில் குறித்துள்ள கால எல்லையைப் பார்த்து, பி போத்தலையும் ஆய்வுசெய்யக் கேட்பதா என்பதைத் தீர்மானியுங்கள். 2021 முதல் நடைமுறையிலுள்ள வாடாவின் விதிக்கோவை டி.எச்.சி.யை, கொக்கெயின், ஹெரோயின் ஆகியவற்றைப் போல, சமூகத்தில் தவறாகப் பயன்படும் பொருள் என்று தனியே வகுத்திருக்கிறது. போட்டிக் காலத்துக்கு வெளியே, விளையாட்டுத் திறனோடு தொடர்பில்லாமல் பயன்படுத்தியதை நிறுவினால் தடை மூன்று மாதம். முகவர் நிலையம் ஏற்கும் சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் அதை ஒரு மாதமாகக் குறைக்கலாம். நிறுவ முடியாவிட்டால் கணக்கு ஆண்டுகளுக்குப் போய்விடும். எப்படியானாலும் அந்தப் போட்டியின் பெறுபேறு நீக்கப்படும், தொடரோட்டமென்றால் மற்ற மூவரின் பதக்கமும் சேர்ந்தே போகும். தடைக்காலத்தில் கழகத்தோடு சேர்ந்த பயிற்சிக்கும் இடமில்லை. கடைசிக் காற்பங்கில் மட்டுமே திரும்ப அனுமதி உண்டு. மூன்று மாதத் தடையென்றால் அது ஏறத்தாழ மூன்று கிழமை. அதுவரை தனியாக ஓடுவதற்கு டச்சுக்குடாக் கடற்கரை இருக்கிறது.