ஜெர்மனியில் ‘அரை, மூன்று’ என்றால் இரண்டரை

ஜெர்மனியில் நேரம் தவறுவதற்குத் தாமதமாகப் புறப்பட வேண்டியதில்லை; காதில் தப்பாக விழுந்தாலே போதும். ‘ஹால்ப் ட்ரை’க்கு வாருங்கள் என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அரை, மூன்று. நமக்கு உடனே மூன்றரை என்று தோன்றும். அவர்கள் சொன்னது 2.30. நாம் இரண்டு முடிந்து அதன்மேல் அரை என்று ஏற்றி எண்ணுகிறோம். அவர்களுக்கு மூன்றை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று. ஒரு மணி நேரம் பிந்திப் போய் நின்றுகொண்டு, ‘சொன்ன நேரத்துக்குத்தானே வந்தேன்’ என்று விழிப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள்தான்.

இதில் இன்னும் சில கிளைகள் உண்டு. ‘ஃபுன்ஃப் ஃபோர் ஹால்ப் ட்ரை’ என்றால் இரண்டரைக்கு ஐந்து நிமிடம் முன்பு, அதாவது 2.25. கிழக்கு மாநிலங்களிலும் ஸ்டுட்கார்ட் பக்கத்திலும் ‘ஃபியர்டல் ட்ரை’ என்பது 2.15, ‘ட்ரைஃபியர்டல் ட்ரை’ என்பது 2.45. கால் மூன்று, முக்கால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரிலிருந்து வந்த ஜெர்மன்காரர்களே இதில் தடுமாறுவார்கள். அதனால் வாயால் சொன்ன எந்த நேரத்தையும் 24 மணிக் கணக்கில் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள்: “பதினான்கு முப்பதா?” இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

நாள், வாரக் கணக்கிலும் கவனம் வேண்டும். ‘எட்டு நாளில்’ என்றால் ஒரு வாரத்தில் என்று பொருள். ‘வெள்ளிக்கிழமை வரை’ என்றால் வெள்ளியும் சேர்த்தி. அலுவலகத்தில் ‘கா-வே 12க்குள் முடித்துவிடுங்கள்’ என்பார்கள். அது ஆண்டின் பன்னிரண்டாவது வாரம். வாரம் திங்களில் தொடங்கும். ஜனவரி 4 எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். 2026இன் முதல் வாரம் 2025 டிசம்பர் 29ஆம் தேதியே தொடங்கிவிட்டது. கைபேசி நாட்காட்டியின் அமைப்பில் வார எண்ணைக் காட்டச் சொல்லி ஒருமுறை மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது.

எங்கே எத்தனை நிமிடம்

‘ஜெர்மன்காரர்கள் நேரம் தவறாதவர்கள்’ என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. இடத்துக்கு இடம் கணக்கு வேறு. வேலைக்கான நேர்காணலுக்குப் பத்து நிமிடம் முன்பு வாசலில் இருங்கள். அரை மணி முன்பே உள்ளே போய் உட்கார்ந்தால் அவர்களுக்குச் சங்கடம். பத்து மணிக் கூட்டம் என்றால் 9.58க்கு மடிக்கணினி திறந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு முதல் விஷயத்தைப் பேசத் தொடங்கிவிடுவார்கள். மருத்துவரிடம் ‘டெர்மின்’ (முன்பதிவு செய்த சந்திப்பு நேரம்) என்றால் காப்பீட்டு அட்டையோடு ஐந்து, பத்து நிமிடம் முன்பு வரவேற்பில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அரை மணி காத்திருக்க நேரிடலாம், அதைக் கேள்வி கேட்க முடியாது. இந்த ஒருவழிப் பாதை எல்லோருக்கும் எரிச்சல்தான், ஆனால் நடைமுறை அதுதான். வர முடியாவிட்டால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்யுங்கள். சொல்லாமல் விட்டால் பல் மருத்துவரும் பிசியோதெரபி நிலையமும் வராத டெர்மினுக்குப் பணம் கேட்கலாம். அரசு அலுவலகத்தில் உங்கள் எண்ணைத் திரையில் காட்டும்போது நீங்கள் இல்லையென்றால் அந்த டெர்மின் போய்விடும். அடுத்தது சில வாரங்கள் கழித்துத்தான் கிடைக்கும்.

பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய சலுகை இருக்கிறது. அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் ‘சே-டே’ (c.t.) என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் வகுப்பு 10.15க்குத்தான் தொடங்கும். ‘எஸ்-டே’ (s.t.) என்றிருந்தால் சரியாகப் பத்து. தேர்வு அட்டவணையில் இந்த எழுத்துகளை முதலில் தேடுங்கள்.

வீட்டுக்கு அழைத்திருக்கிறார்களா? மாலை 7 மணி என்றால் 7.00இலிருந்து 7.10க்குள் அழைப்பு மணியை அழுத்துங்கள். 6.45க்குப் போவது பத்து நிமிடம் பிந்துவதைவிட மோசம்: அப்போதுதான் குளித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும். முன்பே போய்ச் சேர்ந்துவிட்டால் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். மூன்று, நான்கு மணிக்குக் காப்பிக்கு அழைத்தால் காப்பியும் கேக்கும்தான். இரவுச் சாப்பாடு கிடையாது, ஆறு மணிவாக்கில் கிளம்ப வேண்டும். கிளம்பும் நேரத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் பேச்சின் நடுவே ஒருவர் இரண்டு கைகளாலும் தொடையைத் தட்டி, ‘ஸோ’ என்று மூச்சை விட்டால், சபை கலைகிறது என்று அர்த்தம். ‘இருங்க, இன்னும் கொஞ்ச நேரம்’ என்ற நம் உபசாரத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

பிறந்தநாள் வாழ்த்தை ஒருநாள் முன்னதாகச் சொல்லவே கூடாது. அபசகுனமாக நினைப்பார்கள். ஒருநாள் பிந்திச் சொன்னால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள்.

பிந்துவதைவிடப் பெரிய குற்றம்

புதிதாக வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். பத்து நிமிடம் பிந்தியதற்காக ஜெர்மன்காரர்கள் அவ்வளவாகக் கோபப்படுவதில்லை. பிந்தப்போவது தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்குத்தான் முகம் இறுகுகிறது. நம்மூரில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ‘வந்துட்டே இருக்கேன்’ என்போம். கேட்பவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். அங்கே அந்த வாக்கியத்தை அப்படியே நம்பி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்தும் என்று தெரிந்த கணமே செய்தி அனுப்புங்கள். செய்தியில் வந்து சேரும் நேரம் இருக்க வேண்டும். ‘கொஞ்சம் லேட்’ என்று எழுதினால் எதுவும் சொல்லாதது போலத்தான். ‘14.10க்கு வந்துவிடுவேன், மன்னிக்கவும்’ என்று எழுதுங்கள். உத்தேசமாகப் பத்து நிமிடம் ஆகும் என்றால் பதினைந்து என்று சொல்லுங்கள். இரண்டாவது முறை நேரத்தை மாற்றிச் சொல்வதுதான் நம்பிக்கையைக் கெடுக்கிறது. காரணத்துக்கு ஒரு வரி போதும். நீளமான விளக்கம் சாக்குப்போக்காகத்தான் படும்.

வேலையிலும் இதே கணக்குதான். ‘எப்போது முடியும்?’ என்று கேட்டால், மேலாளர் மனம் குளிரட்டும் என்று ‘நாளைக்கே முடித்துவிடலாம்’ என்று சொல்லிவிடுகிறோம். அவர் அதை வாக்குறுதியாகக் குறித்துக்கொண்டு, அதன்மேல் இன்னும் மூன்று பேரின் வேலையை அடுக்கிவிடுவார். ஐந்து நாள் ஆகும் வேலைக்கு ஐந்து நாள் என்றே சொல்லுங்கள். மூன்றாம் நாளில் சிக்கல் தெரிந்தால் மூன்றாம் நாளே சொல்லுங்கள், ஐந்தாம் நாள் மாலை சொல்லாதீர்கள். உடம்பு சரியில்லை என்றாலும் வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவச் சான்று தேவை. ஒப்பந்தத்தில் முதல் நாளிலிருந்தே கேட்டிருந்தாலும் கேட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடியும் நேரத்துக்கு ‘ஃபையர்ஆபென்ட்’ என்று தனிப்பெயரே இருக்கிறது. அதற்குமேல் உட்கார்ந்து உழைத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்கும்வரை 11 மணி நேர ஓய்வு பொதுவாகச் சட்டப்படி தேவை. நள்ளிரவில் மின்னஞ்சல் அனுப்புபவரைப் பார்த்து, இவருக்கு வேலையைத் திட்டமிடத் தெரியவில்லையோ என்றுதான் நினைப்பார்கள்.

நிமிடத்தைவிடத் தேதி

கூட்டத்துக்குப் பத்து நிமிடம் பிந்தினால் முகச்சுளிப்போடு போய்விடும். கடிதத்தில் உள்ள தேதி தவறினால் பணம் போகும். கெடுவுக்கு ‘ஃப்ரிஸ்ட்’ (Frist) என்று பெயர். இந்தச் சொல் கண்ணில் பட்ட கடிதத்தை மேசையில் போட்டுவைக்காதீர்கள்.

முக்கியமான அரசுக் கடிதங்கள் சில மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் அந்த உறையின்மேல் தேதியை எழுதிவிட்டு உங்கள் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். கையொப்பம் தேவையில்லை. அந்தத் தேதியிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும், நீங்கள் எப்போது பிரித்தீர்கள் என்பது கணக்கில்லை. எனவே உறையைக் கிழித்துக் குப்பையில் போடாமல் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். போக்குவரத்து அபராத ஆணையை எதிர்க்க இரண்டு வாரம்; வருமான வரி ஆணையை எதிர்க்க ஒரு மாதம். சாதாரணத் தபாலில் வரும் வரி ஆணை, அனுப்பிய நான்காம் நாள் கையில் கிடைத்ததாகக் கொள்ளப்படும் (2025க்கு முன்பு மூன்றாம் நாள்). ஆறு வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்ப நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வீடு மாறினால் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பெரிய நகரங்களில் அதற்குள் டெர்மின் கிடைப்பது கடினம். கிடைத்த முதல் டெர்மினை எடுத்து, உறுதிச் செய்தியைச் சேமித்து வையுங்கள். பிறகு காலை வேளையில் இணையத்தில் மீண்டும் மீண்டும் பாருங்கள், யாராவது ரத்து செய்த இடம் அகப்படும். விசா நீட்டிப்புக்கு, பழைய அனுமதி காலாவதியாகும் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்திருந்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடர்வதாகக் கொள்வார்கள்.

வீட்டைக் காலி செய்வதில் பலரும் ஒரு மாத வாடகையை வீணாக இழக்கிறார்கள். வழக்கமான ஒப்பந்தத்தில் ஜூன் கடைசியில் காலி செய்ய, ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் அறிவிப்பு உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பிய நாள் கணக்கில் வராது. ஒருநாள் தவறினால் ஜூலை வாடகையும் உங்கள் தலையில்தான். மின்னஞ்சல் செல்லாது; காகிதத்தில் கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலிலோ, நேரில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்கியோ முடியுங்கள்.

ஊருக்குப் போகும் விடுமுறையை ஜனவரியிலேயே கேட்டு வையுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அனுமதியின்றிப் பள்ளி நாளைத் தவறவிட்டால் அபராதம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமையும் கிரைண்டரும்

இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறும் அரசு விடுமுறையும் முழு நாளும் அமைதி நேரம். பல குடியிருப்புகளில் மதியம் 1 முதல் 3 வரையும் உண்டு. படிக்கட்டருகே ஒட்டியிருக்கும் விதித்தாளைப் படியுங்கள். இட்லி மாவை ஞாயிறு காலை கிரைண்டரில் போடும் பழக்கத்தைச் சனிக்கு மாற்றிவிடுங்கள். குளிர்காலத்தில் மாவு பொங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும் என்பதால் சனி காலையிலேயே அரைத்துவிடுவது எப்படியும் நல்லது. காலிக் கண்ணாடிப் புட்டிகளைத் தெருத் தொட்டியில் போடுவதையும் ஞாயிறன்று செய்யாதீர்கள், அந்தச் சத்தத்துக்கே சண்டைக்கு வருவார்கள்.

ஞாயிறன்று ரயில் நிலையக் கடைகள், சில பேக்கரிகள் தவிரப் பெரும்பாலும் எல்லாம் மூடியிருக்கும். ஈஸ்டரில் பெரிய வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்றும் மூடல். நடுவில் சனி மட்டும் திறப்பு. பாலும் காய்கறியும் வியாழனே வாங்கிவிடுங்கள்.

ரயிலை நம்பலாமா

நேரத்துக்குப் பெயர்போன நாட்டில் ரயில் மட்டும் விதிவிலக்கு. ஜெர்மன் ரயில்வேயின் நெடுந்தூர ரயில்களில் 2024இல் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைச் ‘சரியான நேரம்’ என்று கணக்கிட்ட பிறகு. நேர்காணல், விமானம், விசா டெர்மின் எதுவானாலும் தேவையான ரயிலுக்கு முந்தைய ரயிலைப் பிடியுங்கள். சேருமிடத்தில் 20 நிமிடத்துக்குமேல் தாமதமாகும் என்று தெரிந்தால், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவுச் சீட்டு வைத்திருந்தாலும் வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரம் பிந்தினால் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணி நேரமானால் 50 சதவீதமும் திருப்பிக் கேட்கலாம்.

ஊரோடு பேசுவதும் ஊர்க்காரரை அழைப்பதும்

மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி முன்னே போகும், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே வரும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உள்ள இடைவெளி கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை. அங்கே மாலை ஆறுக்கு வேலை முடித்து அம்மாவை அழைத்தால் குளிர்காலத்தில் ஊரில் 10.30 ஆகியிருக்கும். மதிய இடைவேளையில் 12.30க்கு அழைத்தால் ஊரில் மாலை 5.

நம் விசேஷத்துக்கு ஜெர்மன் நண்பரை அழைக்கும்போது பிரச்சினை தலைகீழாகும். அழைப்பிதழில் 5 மணி, எல்லோரும் சேர்வது 7 மணி. அவர் மட்டும் 4.58க்கு மலர்க்கொத்தோடு காலி மண்டபத்தில் நிற்பார். முகூர்த்த நேரம் நிமிடத் துல்லியமானது, மற்றதெல்லாம் உத்தேசம் என்பது அவருக்குத் தெரியாது. தாலி கட்டும் நேரம், சாப்பாட்டு நேரம், எப்போது கிளம்பினால் மரியாதை என்று மூன்றையும் தனியே எழுதி அனுப்புங்கள். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு அழைத்துப் போவதானாலும் அப்படித்தான்: பல மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், கூட்டம் அதிகம், காலணியைக் கழற்ற வேண்டும், திரும்பும் ரயில் இத்தனை மணிக்கு என்பதை முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள்.