எஸ்கியூஎல்: ஒரு வரி எதைச் சொல்கிறது?

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கவும் அதிலுள்ளதை மாற்றவும் பயன்படும் மொழி எஸ்கியூஎல் (SQL). அதில் எழுதும் கேள்விதான் குவெரி. எஸ்கியூஎல்லில் எழுத்துப்பிழை பெரிய ஆபத்தில்லை. டேட்டாபேஸ் உடனே பிழைச் செய்தி காட்டிவிடும், திருத்திக்கொள்ளலாம். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தப்பான எண்ணைக் கொடுக்கும் குவெரிதான் ஆபத்து. அதைத் தடுக்க ஒரு பழக்கம் போதும். குவெரி எழுதத் தொடங்குமுன், வரப்போகும் விடையில் ஒரு வரி எதைக் குறிக்கும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்: 'ஒரு வரி என்றால் ஓர் உறுப்பினர்', 'ஒரு வரி என்றால் ஒரு முறை நூல் எடுத்தது' என்பதுபோல. சொல்ல வரவில்லையென்றால் குவெரியும் சரியாக வராது.

பழக எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய டேட்டாபேஸ் மென்பொருள் போதும். சர்வர் வேண்டாம், பயனர் கணக்கு வேண்டாம், முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு. கட்டளைத் திரையில் ஒரு குவெரியைத் தட்டிவிட்டு என்டர் அழுத்தியும் ஒன்றும் நடக்காமல் மூன்று புள்ளிகள் மட்டும் தெரிந்தால், கடைசியில் அரைப்புள்ளி போட மறந்திருப்பீர்கள். அடுத்த வரியில் அதை மட்டும் தட்டினால் குவெரி ஓடும். இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கும் கட்டளைச் சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். அடிப்படை கைக்கு வந்தபின் போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய டேட்டாபேஸுக்கு மாறலாம். இங்கே படிப்பதில் பெரும்பகுதி அங்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 'உறுப்பினர்', 'நூல்', 'இரவல்' என்று மூன்று டேபிள், அதாவது வரிகளும் புலங்களும் கொண்ட அட்டவணை. முதல் இரண்டிலும் 'எண்' என்ற புலம் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் புலம். 'இரவல்' டேபிளில் அதற்கென்று ஓர் எண், உறுப்பினர்_எண், நூல்_எண், எடுத்த_நாள், திருப்பிய_நாள். திருப்பாத நூலுக்குத் திருப்பிய_நாள் காலியாக இருக்கும். எஸ்கியூஎல்லில் இதற்கு 'நல்' (NULL) என்று பெயர். உறுப்பினரின் பெயரை 'இரவல்' டேபிளில் மறுபடி எழுதக் கூடாது. பெயர் ஓரிடத்தில் மாறி இன்னோரிடத்தில் மாறாமல் நின்றால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

டேபிள் அமைக்கும்போதே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை இல்லை. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் '2025-03-09' என்று பூஜ்ஜியம் சேர்த்து எழுதினால் எழுத்தாகவே சரியாக அடுக்கப்படும். '9-3-2025' என்று எழுதினால் வரிசை குலையும். அடுத்து, உறுப்பினர்_எண் உண்மையில் இருக்கும் உறுப்பினரைத்தான் காட்ட வேண்டும் என்ற ஃபாரின் கீ கட்டுப்பாடு எஸ்கியூலைட்டில் இயல்பாக அணைந்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் 'ப்ராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' என்று கொடுத்தால்தான் வேலை செய்யும். மூன்றாவது, எண் புலத்தில் எழுத்தைப் போட்டாலும் எஸ்கியூலைட் வாங்கிக்கொள்ளும். 2021-இல் வந்த ஸ்ட்ரிக்ட் டேபிள் வசதியைப் பயன்படுத்தினால் அது நிற்கும்.

தமிழில் பெயர்களைச் சேமிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, டேட்டாபேஸின் கணக்கில் ஐந்து. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். நீள வரம்பு உள்ள புலத்தில் 20 என்று கொடுத்தால் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இனி டேபிளிலிருந்து டேட்டாவைப் படிப்பது. ஒரு செலக்ட் குவெரியை நாம் எழுதும் வரிசை வேறு, அது பொருள்கொள்ளப்படும் வரிசை வேறு. முதலில் ஃப்ரம் (எந்த டேபிள்), ஜாயின் (டேபிள்களைச் சேர்ப்பது). பிறகு வேர் (WHERE, வரிகளை வடிகட்டுவது), குரூப் பை (தொகுப்பது), ஹேவிங் (தொகுத்ததை வடிகட்டுவது). அதன் பிறகே செலக்ட் (எந்தப் புலங்கள் வேண்டும்), பிறகு ஆர்டர் பை (அடுக்குவது), கடைசியில் லிமிட் (எத்தனை வரி). இதைத் தெரிந்துகொண்டால் பல புதிர்கள் அவிழும். செலக்டில் ஒரு கணக்குக்கு வைத்த புதுப்பெயரைப் போஸ்ட்கிரெஸ்ஸில் வேர் பகுதியில் ஏன் பயன்படுத்த முடியவில்லை? வேர் ஓடும்போது அந்தப் பெயர் இன்னும் பிறக்கவே இல்லை. 'ஐந்துக்கு மேல் நூல் எடுத்தவர்கள்' என்ற வடிகட்டல் ஏன் வேரில் வராமல் ஹேவிங்கில் வருகிறது? தொகுத்து எண்ணிய பிறகுதான் அந்த ஐந்து தெரியும்.

நல் என்பது பூஜ்ஜியமும் அல்ல, வெற்று எழுத்தும் அல்ல. 'மதிப்பு தெரியாது' என்று பொருள். தெரியாத ஒன்று இன்னொன்றுக்குச் சமமா என்று கேட்டால் விடையும் 'தெரியாது'தான். அதனால் 'திருப்பிய_நாள் = நல்' என்று எழுதினால் ஒரு வரிகூட வராது, பிழையும் காட்டாது. 'திருப்பிய_நாள் இஸ் நல்' என்றே எழுத வேண்டும். இதே காரணத்தால், ஒரு பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்கும் 'நாட் இன்' ஒரு பொறி. உள்குவெரி, அதாவது குவெரிக்குள் எழுதும் குவெரி, தரும் பட்டியலில் ஒரேயொரு நல் இருந்தாலும் மொத்த விடையும் காலியாகிவிடும். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று எழுதுங்கள், இந்தச் சிக்கல் வராது.

ஜாயினுக்கு அதிக நேரம் கொடுங்கள். தப்பான எண்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. 'உறுப்பினர்' டேபிளை 'இரவல்' டேபிளோடு சேர்த்த கணமே ஒரு வரியின் பொருள் மாறிவிடுகிறது. இப்போது ஒரு வரி ஓர் உறுப்பினர் அல்ல, ஓர் இரவல். மூன்று நூல் எடுத்தவர் மூன்று முறை வருவார், நூலே எடுக்காதவர் வரவே மாட்டார். எடுக்காதவரும் வேண்டுமென்றால், முதல் டேபிளின் எல்லா வரிகளையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின்:

செலக்ட் உ.எண், உ.பெயர், கவுன்ட்(இ.எண்)
ஃப்ரம் உறுப்பினர் உ
லெஃப்ட் ஜாயின் இரவல் இ ஆன் இ.உறுப்பினர்_எண் = உ.எண்
குரூப் பை உ.எண், உ.பெயர்;

உ, இ என்பவை டேபிள்களுக்கு வைத்த சுருக்கப் பெயர்கள். கவுன்ட் எண்ணிக்கை தரும். இதில் கவுன்ட்(*) என்று போட்டால் நூலே எடுக்காதவருக்கும் 1 என்று வரும். அவருக்காக நல் நிரம்பிய ஒரு வரி இருக்கிறதே, அதையும் எண்ணிவிடும். கவுன்ட்(இ.எண்) நல்லை விட்டுவிட்டு எண்ணுவதால் 0 தரும். அதேபோல் 'எடுத்த நாள் 2025-க்குப் பிறகு' என்ற நிபந்தனையை வேரில் வைத்தால் நூல் எடுக்காதவர்கள் மறைந்துவிடுவார்கள், லெஃப்ட் ஜாயின் போட்டதே வீணாகிவிடும். அந்த நிபந்தனையை ஆன் பகுதியில் வையுங்கள். குரூப் பையில் பெயரை மட்டும் போடாமல் எண்ணையும் சேர்த்திருப்பதற்கும் காரணம் உண்டு: ஒரே பெயரில் இருவர் இருந்தால் பெயர் மட்டும் அவர்களை ஒருவராக்கிவிடும்.

இதைவிட மோசமானது இரட்டிப்பு. 'அபராதம்' என்று நான்காவதாக ஒரு டேபிள் சேர்க்கிறீர்கள், அதிலும் உறுப்பினர்_எண் இருக்கிறது. ஒருவர் மூன்று நூல் எடுத்திருக்கிறார், 10, 15 என்று இரண்டு முறை அபராதம் கட்டியிருக்கிறார். 'உறுப்பினர்', 'இரவல்', 'அபராதம்' மூன்றையும் ஒரே குவெரியில் உறுப்பினர்_எண்ணைக் கொண்டு சேர்த்தால் ஒவ்வோர் இரவலும் ஒவ்வோர் அபராதத்தோடும் ஜோடி சேர்ந்து ஆறு வரிகள் வரும். கூட்டினால் அபராதம் 25-க்குப் பதில் 75, இரவல் 3-க்குப் பதில் 6. பலர் இங்கே கூட்டும் சம்முக்குள், ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்ட் போட்டுச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். 10, 15 என்ற இந்தத் தொகைகளுக்கு விடை சரியாகவே வரும், அதனால் நம்பிவிடுவார்கள். இரண்டு அபராதமும் 10 என்றால் 20-க்குப் பதில் 10 என்று வரும். சரியான வழி, 'அபராதம்' டேபிளைத் தனி உள்குவெரியில் உறுப்பினர் வாரியாகக் கூட்டி, 'ஒரு வரி என்றால் ஓர் உறுப்பினர்' என்ற நிலைக்குக் கொண்டுவருவது. 'இரவல்' டேபிளையும் அப்படியே. அதன் பிறகு ஜாயின். ஒவ்வொரு ஜாயினையும் சேர்க்கும்போது கவுன்ட்(*) ஓட்டி, வரிகளின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் ஏன் என்று தெரியாமல் மேலே போகாதீர்கள்.

அப்டேட், டெலீட் இரண்டிலும் வேர் இல்லையென்றால் டேபிள் முழுவதும் மாறும். நேரடியாக அப்டேட் எழுதாமல், முதலில் அதே வேர் நிபந்தனையோடு செலக்ட் எழுதி எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். பிறகு 'பிகின்' கொடுத்து, அப்டேட் ஓட்டி, மாறிய வரிகளின் எண்ணிக்கை அதேதானா என்று சரிபாருங்கள். எஸ்கியூலைட்டில் 'செலக்ட் சேஞ்சஸ்()' அதைச் சொல்லும். சரியென்றால் 'கமிட்' கொடுத்து மாற்றத்தை உறுதிசெய்யுங்கள், இல்லையென்றால் 'ரோல்பேக்' கொடுத்துப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். பிகினிலிருந்து இதுவரை உள்ள வேலைதான் ஒரு டிரான்சாக்ஷன். பிகினைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடாதீர்கள். எழுதிவிட்டு முடிக்காத டிரான்சாக்ஷன் எஸ்கியூலைட்டில் மற்ற எல்லா எழுத்து வேலையையும் நிறுத்திவிடும். டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது என்று மற்றவர்களுக்குப் பிழை வரும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே டேபிளை நீக்கும் டிராப் டேபிளோ, அதன் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிளோ ஓடினால் கமிட் தானாக நடந்துவிடும், ரோல்பேக் பயன்படாது. போஸ்ட்கிரெஸ்ஸிலும் எஸ்கியூலைட்டிலும் இவற்றையும் திரும்பப் பெறலாம்.

நிரலிலிருந்து குவெரி அனுப்பும்போது பயனர் தட்டிய எழுத்தை ஒட்டி ஒட்டிக் குவெரியை உருவாக்கவே கூடாது. பெயரில் ஒரு ஒற்றை மேற்கோள்குறி இருந்தாலே குவெரி உடையும், கெட்ட எண்ணத்தோடு எழுதியவர் அதன் வழியே டேட்டாவையே அழிக்க முடியும். மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாக அனுப்புங்கள். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

குவெரி மெதுவானால் முன்னால் 'எக்ஸ்பிளைன் குவெரி பிளான்' சேர்த்து ஓட்டுங்கள். பெரிய டேபிளுக்கு 'ஸ்கேன்' என்று வந்தால் முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறது, 'சர்ச்' என்று வந்தால் இண்டெக்ஸ், அதாவது நூலின் பின்பக்கச் சொல்லடைவு போன்ற பட்டியல், வழியே நேராகப் போகிறது. பிரைமரி கீக்கு இண்டெக்ஸ் தானாக இருக்கும். ஆனால் ஃபாரின் கீ புலங்களுக்கு எஸ்கியூலைட்டிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் நாமேதான் போட வேண்டும். 'இரவல்' டேபிளின் உறுப்பினர்_எண்ணுக்கு ஒன்று போட்டால் மேலே உள்ள ஜாயின்கள் வேகமாகும். வேரில் புலத்தைச் சுற்றி ஃபங்ஷன் போட்டால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. எடுத்த_நாளிலிருந்து ஆண்டைப் பிரித்து ஒப்பிடாமல், 2025-01-01 முதல் 2026-01-01-க்கு முன்வரை என்று எல்லை கொடுங்கள். எல்லாப் புலத்துக்கும் இண்டெக்ஸ் போடுவதும் தவறு. ஒவ்வொரு புதுப் பதிவும் அத்தனை இண்டெக்ஸையும் திருத்த வேண்டியிருக்கும்.

பேக்கப் எடுக்க, எழுதிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் கோப்பை நகலெடுக்காதீர்கள், நகல் பாதியில் உடைந்திருக்கலாம். '.பேக்கப்' கட்டளை அதைச் சரியாகக் கையாளும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு பிஜி_டம்ப் என்ற பேக்கப் கருவி உண்டு. எடுத்த பேக்கப்பை வேறொரு புது டேட்டாபேஸில் மீட்டெடுத்து, ஒவ்வொரு டேபிளிலும் கவுன்ட்(*) ஓட்டி, பேக்கப் எடுத்த நேரத்து எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். இதை மாதம் ஒருமுறையாவது செய்யுங்கள்.