நீட் தயாரிப்பு: வருடா வருடம் மார்க்கைத் தின்னும் தவறுகள்

நீட் முடிவு வந்த கையோடு ரிப்பீட்டர் வகுப்பு தொடங்கிவிடும். போன வருடம் எழுதியவர்களும் முதல் தடவை எழுதப் போகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஆடி முடிவதற்குள் இரண்டு தரப்பும் ஒரே மாதிரி சறுக்க ஆரம்பித்துவிடும். பழையவர்கள் போன வருடம் செய்த அதே தவறையே திரும்பச் செய்வதைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை. இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவனாக அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தூக்கம், செல்போன், டைம்டேபிள் பற்றியெல்லாம் வீட்டிலேயே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பழைய கைடை அப்படியே நம்புவது

அண்ணன், அக்கா படித்த புத்தகத்தை வாங்கிப் படிப்பதில் தப்பில்லை. ஆனால் 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் போன்ற பாடங்கள் போய்விட்டன. உயிரியலில் செரிமானப் பாடம் இல்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டியது வேறு, நீட்டுக்குப் படிக்க வேண்டியது வேறு. தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தை பிரிண்ட் எடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். மாநிலப் பாடநூலை வைத்துப் படிக்கும் தமிழ் வழி மாணவர்கள் அதோடு ஒவ்வொரு தலைப்பாக ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்டதை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

இயற்பியலை ஒதுக்கிவிட்டு உயிரியலில் ஈடுகட்டப் பார்ப்பது

720-இல் 180 மார்க் இயற்பியல். ஒதுக்க முடியாது.

தப்பான விடையைப் பார்க்காமல் அடுத்த டெஸ்டுக்கு ஓடுவது

எனக்கு இன்னும் கோபம் வரவழைப்பது இதுதான். வாரம் மூன்று மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். சாயங்காலம் மார்க் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ரேங்க் எத்தனை என்று அப்பா கேட்கிறார், மகன் சொல்கிறான், அவ்வளவுதான். வினாத்தாள் பைக்குள் போய்விடும். அடுத்த டெஸ்டுக்கு மறுநாள் காலையில் படிக்க உட்காருகிறான்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்து செங்குத்தாக மேலே எறியப்படுகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொண்டால், எறிந்த இடத்துக்கு அது திரும்பி வர எத்தனை விநாடி ஆகும்? விடை 4. ஆனால் வகுப்பில் நிறையப் பேர் 2 என்று ஷேட் செய்துவிடுவார்கள். 20-ஐ 10-ஆல் வகுத்து வரும் 2, பந்து உச்சிக்குப் போகும் நேரம் மட்டும்தான். கேட்டால், "சில்லி மிஸ்டேக் சார், ஃபார்முலா தெரியும்" என்பார்கள். கேள்வி தயாரித்தவருக்கு இந்த இடத்தில் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்று தெரியும். அதனால்தான் 2-ஐயும் ஒரு விடையாகக் கொடுத்திருக்கிறார். அதே மாணவன் அடுத்த மாதம் தனி ஊசலில், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும் நேரத்தைக் கேட்டால், முழு அலைவு நேரத்தைக் குறிப்பான். பாடம் வேறாக இருந்தாலும் தவறு ஒன்றுதான். கணக்கு முடிந்ததும், கேட்டது இதுதானா என்று கேள்வியின் கடைசி வரிக்குத் திரும்பிப் போவதில்லை. பழைய தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒழிய இது கண்ணில் படாது.

சரியான விடைக்கு 4, தப்பான விடைக்குக் கழிவு 1. ஆக, தெரிந்த கேள்வி ஒன்றில் சறுக்கினால் 5 மார்க் வித்தியாசம். அப்படிப் பத்துக் கேள்வி என்றால் 50 மார்க். அரசுக் கல்லூரி இடம் கைநழுவ அது தாராளமாகப் போதும்.

அரசுப் பள்ளியில் படித்த ஒரு பெண், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, இரண்டாவது முயற்சிக்கு வந்திருந்தாள். எத்தனை டெஸ்ட் எழுதியும் மார்க் நகரவில்லை. வேதியியலில்தான் வீக் என்று அவளே முடிவு கட்டி, அதற்குத் தனி டியூஷனும் போய்க்கொண்டிருந்தாள். அடுத்த டெஸ்டை விட்டுவிட்டுப் பழைய தாள்கள் அத்தனையும் கொண்டுவா என்றேன். தரையில் பரப்பி, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதச் சொன்னேன்: தெரியாதது, மறந்தது, கேள்வியைத் தப்பாகப் படித்தது, கணக்கில் பிசகியது. கேள்வியைத் தப்பாகப் படித்ததுதான் அதிகம் வந்தது. அதுவும் அவளுக்குப் பிடித்த உயிரியலில், "தவறான கூற்று எது", "பொருந்தாத இணை எது" என்று கேட்ட இடங்களில். பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தில் எழுதியவை. வேதியியல் டியூஷன் அதை எப்படிச் சரிசெய்யும்? அன்றிலிருந்து "தவறான", "பொருந்தாத" என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் விடைகளைப் படிப்பாள். அந்த வருடமே அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவளுக்கு எம்பிபிஎஸ் இடம் கிடைத்தது.

அதனால் மூன்று மணி நேரம் டெஸ்ட் எழுதினால், மறுநாள் மூன்று மணி நேரம் அந்தத் தாளுக்கே ஒதுக்குங்கள். விளக்க வீடியோவை முதலில் திறக்காதீர்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், கையால் போட்டால் வராது. தப்பானதை வெறும் தாளில் மறுபடி போடுங்கள், காரணத்தை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள், இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பயிற்சி மையம் இதற்கு நேரம் தராவிட்டால், ஒரு டெஸ்டை விட்டாலும் பரவாயில்லை.

நெகட்டிவ் பயத்தில் விட்டுவிடுவது

நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாக இல்லை என்று தெரிந்த பிறகும் காலியாக விட்டுவருகிறார்கள். அப்படிப் பத்துக் கேள்வியைக் குறித்து ஐந்து சரியாக வந்தால் 20 கிடைக்கும், 5 போகும். மிச்சம் 15 லாபம். எதுவுமே தெரியாத கேள்வியில் நேரத்தைக் கொட்டாமல் தாண்டிப் போங்கள்.

ஓஎம்ஆர் விடைத்தாளைக் கடைசியில் மொத்தமாக நிரப்புவது

வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை நிரப்பிவிடுங்கள். 2025-இலிருந்து சாய்ஸ் கிடையாது. 180 கேள்வி, 180 நிமிடம்.

காலையில் மட்டும் டெஸ்ட் எழுதிப் பழகுவது

தேர்வு மதியம் 2 மணிக்கு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதிப் பழகுங்கள்.

சான்றிதழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

மாநிலக் கவுன்சலிங்குக்கு பிசி, எம்பிசி சான்றிதழ் போதும். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி இடம் கேட்பவர்களுக்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட சான்றிதழ் தனியாக வேண்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும். முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அலைவார்கள். தேர்வு முடிந்த மறுநாளே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.