மழையூரில் வாழை வளர்ப்பது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாதிரி மழை ஊரில் வாழை வைப்பது குலைக்காக இல்லை. இலைக்காக. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

நம்மூர் பூவனையும் ரஸ்தாளியையும் இங்கே வெளியில் வைத்தால் நவம்பரைத் தாண்டாது. கேட்டு வாங்க வேண்டியது 'மூசா பாஸ்ஜூ' என்ற ஜப்பானிய வாழை. பழம் காய்த்தாலும் முழுக்க விதை, வாயில் வைக்க முடியாது. ஆனால் மேலே தண்டு பனியில் கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு பிழைத்துக்கொள்ளும், நன்றாக வேர் பிடித்துவிட்டால் ஒரே கோடையில் ஆளுயரத்தைத் தாண்டிவிடும்.

எல்லாரும் குளிரைத்தான் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் செடியைக் கொல்வது குளிர்காலத்து ஈரம். ஒரு இரவு மைனஸ் 5-க்குப் போய்த் திரும்பினால் கிழங்கு தாங்கும். மூன்று மாதம் சேற்றில் ஊறிக்கிடந்தால் அழுகிவிடும். அதனால் களிமண் தோட்டமாக இருந்தால் குழி தோண்டி நடாதீர்கள், அந்தக் குழியே தண்ணீர்த் தொட்டியாகிவிடும். மண்ணோடு கரட்டு மணலும் மக்கிய உரமும் கலந்து ஒரு முழம் மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள். காற்று நேராக அடிக்காத, தெற்குப் பார்த்த சுவரோரம் உத்தமம். இல்லையென்றால் ஆகஸ்டுக்குள் இலை தோரணமாகக் கிழிந்து தொங்கும்.

நட வேண்டியது மே கடைசி, ஜூன் முதல் வாரம். செப்டம்பரில் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வாங்கி நட்டால் வேர் பிடிக்கும் முன்பே குளிர் வந்துவிடும். மழை சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுவதால் கோடை முழுக்கக் கோழி உரம் போட்டுக்கொண்டே இருங்கள், வாழைக்கு இங்கேயும் அகோரப் பசிதான்.

வாழை மட்டும் தனியாக நின்றால் அநாதை மாதிரி இருக்கும். பின்னணிக்கு ஃபாட்ஸியா ஜப்பானிகா, விரிந்த கை மாதிரி இலை, நிழலிலும் வளரும், வருஷம் பூரா பச்சை. ஒரு சூசான் பனை, 1849-ல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து அனுப்பி இங்கே வந்த மரம், பிரிட்டிஷ் குளிருக்கு அசராது. முன்னால் கல்வாழை, ஆமாம், நம்மூர் வாய்க்கால் ஓரம் கிடக்குமே அதேதான், இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. முதல் உறைபனியில் இலை கருத்ததும் கிழங்கைத் தோண்டி, உறையாத இடத்தில், லேசான ஈரத்தோடு வைத்துவிடுங்கள். குடை மாதிரி இலை விடும் கன்னெரா மேல் எனக்கும் ஆசைதான், ஆனால் பிரிட்டனில் அதை விற்கவும் புதிதாக நடவும் இப்போது தடை.

அப்புறம் ஓடில்லா நத்தை. மழை பெய்த ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள், கல்வாழைக் குருத்தில் திருவிழா நடக்கும். நத்தையைக் கொல்லத் தூவும் மெட்டால்டிஹைட் குருணையை 2022-ல் இங்கே தடை செய்துவிட்டார்கள், அதற்குப் பதில் இரும்பு பாஸ்பேட் குருணை கிடைக்கிறது. நான் வாளியோடு போய்க் கையால் பொறுக்குகிறேன்.

சரி, குளிர்காலம். முதல் வருஷம் நான் செய்த மடத்தனம், வாழையை பிளாஸ்டிக் உறையால் மூச்சுமுட்டச் சுற்றினேன். உள்ளே வியர்த்து வியர்த்து மார்ச்சில் பிரித்தபோது தண்டு கூழ். இப்போது செய்வது இது: பனியில் இலை கருகியதும் இலைகளை மட்டும் வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றிக் கோழிவலையைக் கூண்டு மாதிரி நிறுத்தி, உள்ளே காய்ந்த வைக்கோலை அடைத்து, மேலே மட்டும் மழை இறங்காமல் ஒரு தகரமோ பலகையோ வைக்கிறேன். பக்கவாட்டில் காற்று போக வேண்டும். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சில்லு மூடாக்கு. தண்டைக் காப்பாற்றினால் அடுத்த வருஷம் அந்த உயரத்திலிருந்தே குருத்து கிளம்பும், அதற்காகத்தான் இத்தனை பாடு. இந்த வேலை ஆகாது என்பவர்கள் தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு மூடாக்கை மட்டும் தாராளமாகப் போடலாம்.

ஏப்ரல் நடுவில் கூண்டைப் பிரியுங்கள். தண்டு கொழகொழவென்று இருந்தால் கெட்டியான சதை தெரியும் வரை மேலிருந்து சீவிக்கொண்டே வாருங்கள். தரை வரை சீவியும் கெட்டியாக எதுவும் தென்படவில்லையா, அப்போதும் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடாதீர்கள். ஜூன் கடைசி வரை பொறுங்கள், பக்கக்கன்று அதற்குள் மண்ணைப் பிளந்துகொண்டு வர வாய்ப்பிருக்கிறது.